கையெழுத்துக்கு முன் பேரேட்டைக் கேளுங்கள்

தென்மாவட்டத்து வணிக நகரம் ஒன்றிலிருந்து 36 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய தாத்தா கூலி வேலைக்கு வந்து, சொந்தச் சம்பாத்தியத்தில் 1961-ல் பருப்பு மண்டி தொடங்கியவர். கடைக் கட்டடமும் பின்னால் உள்ள கிட்டங்கியும் இன்றும் தாத்தா பெயரில்தான் இருக்கின்றன. 1996-ல் அவர் உயில் எழுதாமல் இறந்துபோனார். அதன்பின் பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவரும் சம பங்கில் கூட்டுப் பத்திரம் எழுதிக்கொண்டு மண்டியை நடத்தினார்கள். பின்னால் பருப்பு மில்லும் சேர்ந்தது. அத்தைமார் இருவருக்கும் நகையும் சீரும் செய்து கட்டிக்கொடுத்தாயிற்று. 92 வயது அப்பத்தா பெரியப்பா வீட்டில் இருக்கிறார்.

எம்.காம் படித்த வாசகி 2014-ல் கடைக்கு வந்தார். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது கணக்கு முழுவதையும் கணினிக்கு மாற்றியவர் அவர்தான். பாக்கெட் பருப்பு விற்பனையைத் தொடங்கி மூன்று மாவட்டங்களுக்குக் கொண்டுபோனவரும் அவர்தான். இத்தனைக்கும் மாதம் 25,000 ரூபாய் 'வீட்டுச் செலவுக்கு' என்று கொடுக்கப்பட்டதே தவிர, சம்பளம் என்றோ பங்கு என்றோ எதுவும் எழுத்தில் இல்லை. 14 மாதங்களுக்கு முன் அப்பா மாரடைப்பில் இறந்தார். உயில் இல்லை. 75 வயதாகும் பெரியப்பா, பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கும் வாசகியின் தம்பியைக் கூட்டாளியாகச் சேர்க்க வேண்டும் என்கிறார். "நம்ம கடைக்கு ஆம்பளைப் பிள்ளை பேர்தான் வரணும்" என்பது அவர் வாக்கு. தம்பிக்கோ தொழிலில் விருப்பமே இல்லை. வாசகியும் அவர் அம்மாவும் ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், வரும் வெள்ளிக்கிழமைக்குள் போட்டால்தான் வங்கியில் சிசி (கேஷ் கிரெடிட்) கடனைப் புதுப்பிக்க முடியும் என்று நகல் அனுப்பியிருக்கிறார். "பெரியவரை எதிர்த்தால் ஊர் சிரிக்கும், போட்டுவிடு" என்கிறார் அம்மா.

வாசகி கேட்பது மூன்று. அப்பாவின் இடத்துக்கு நான் தானாகவே கூட்டாளி ஆகிவிட்டேன் அல்லவா? இது பூர்வீகச் சொத்து, பிறப்பிலேயே எனக்கு உரிமை உண்டு என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பை வைத்து வழக்குப் போடலாமா? இந்தப் பாரம்பரியக் குடும்பத் தொழில் முறையே பெண்களுக்கு எதிரானது என்றால், வெட்டிக்கொண்டு போவதைத் தவிர வேறு வழி உண்டா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படித்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன்: "பதினொரு வருடம் அந்தக் கடையின் பேரேட்டை நான் எழுதினேன், ஆனால் கூட்டுப் பத்திரத்தை ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை." உங்கள் பிரச்சினையின் வேர் அந்த வரியில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன். வெள்ளிக்கிழமை நெருங்குகிறது, அதை முதலில் பார்ப்போம்.

வெள்ளிக்கிழமை என்ன செய்வது

கையெழுத்துப் போடாதீர்கள். அம்மாவையும் போட விடாதீர்கள். நீங்கள் அனுப்பிய நகலில் "மேற்படி நிறுவனத்திலும் அதன் அசையும் அசையாச் சொத்துகளிலும் எங்களுக்குள்ள சகல பாத்தியதைகளையும் விட்டுக்கொடுத்து" என்று இருக்கிறது. வங்கிக் கடனைப் புதுப்பிக்க இப்படி ஒரு வரி தேவையே இல்லை. கூட்டாளி ஒருவர் இறந்துவிட்டால் வங்கி பொதுவாகக் கேட்பது, மீதமுள்ளவர்கள் எழுதிக்கொண்ட புதிய கூட்டுப் பத்திரம், வாரிசுச் சான்றிதழ், வாரிசுகளுக்கு இந்த ஏற்பாடு தெரியும் என்ற ஒரு கடிதம், இவ்வளவுதான். "வங்கி கேட்ட படிவத்தை எனக்குக் காட்டுங்கள், அதில் இருப்பதற்கு மட்டும் கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லுங்கள். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரத்தைப் பின்னால் மாற்றுவது எளிதல்ல. ஏமாற்றியோ நிர்ப்பந்தித்தோ வாங்கினார்கள் என்று நீங்கள்தான் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அதற்கும் விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் கெடு. படித்தவர், கணக்குத் தெரிந்தவர், நகலை முன்கூட்டியே வாங்கிப் பார்த்தவர் என்று இருக்கும்போது, "தெரியாமல் போட்டேன்" என்ற வாதம் நிற்காது.

தம்பிக்கும் ஒரு வார்த்தை. பெயருக்குக் கூட்டாளியாக இருப்பது என்று சட்டத்தில் ஒன்று கிடையாது. 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு கூட்டாளியும் தனியாகவும் சேர்ந்தும் முழுப் பொறுப்பாளி. மண்டி ஒருநாள் தடுமாறினால், அவருடைய பெங்களூர் வீடும் சேமிப்பும் அதற்குள் இழுக்கப்படும். கடைக்கே வராத ஒருவர் இந்தச் சுமையை ஏற்பது அவருக்கு நல்லதல்ல. இதை அவரே பெரியப்பாவிடம் சொன்னால் பேச்சின் போக்கு மாறும்.

உங்களுக்கு உண்மையில் என்ன உரிமை இருக்கிறது

நீங்கள் நம்பிக்கொண்டிருக்கும் சில விஷயங்களை இங்கே திருத்த வேண்டியிருக்கிறது. இப்போது கசந்தாலும், தவறான கணக்கோடு பேச்சுவார்த்தைக்குப் போவதைவிட இது நல்லது. உங்கள் குடும்பத்துக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

அப்பாவின் மறைவால் நீங்கள் கூட்டாளி ஆகிவிடவில்லை. கூட்டாண்மை என்பது ஆட்களுக்கு இடையிலான உடன்பாடு. வீடு, நிலம் போல அது கைமாறாது. மற்றக் கூட்டாளிகள் அனைவரும் சம்மதித்தால்தான் புதியவர் உள்ளே வர முடியும், பத்திரத்திலேயே வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய. உங்கள் தம்பிக்கும் இதே நிலைதான். ஆண் பிள்ளை என்பதால் அவருக்குத் தானாக இடம் வராது. பெரியப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு அது. சித்தப்பாவின் சம்மதம் இல்லாமல் பெரியப்பா ஒருவரால் யாரையும் சேர்க்க முடியாது. சித்தப்பா இதில் என்ன நினைக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

வாரிசுகளுக்குக் கைமாறுவது அப்பாவின் பங்கின் மதிப்பு. அவர் முதல் கணக்கில் இருப்பது, அவர் கடைக்குக் கடனாகப் போட்டது, எடுக்காமல் விட்ட லாபம், நற்பெயரின் மதிப்பில் அவர் பங்கு எல்லாம் அதில் அடங்கும். கணக்குத் தீர்க்காமல் அந்த முதலை வைத்தே கடை ஓடிக்கொண்டிருந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், தீர்க்கும் நாள் வரை அந்தப் பங்கால் விளைந்த லாபத்தையோ ஆண்டுக்கு 6 சதவீத வட்டியையோ வாரிசுகள் தங்கள் விருப்பப்படி கேட்கலாம். கூட்டாண்மைச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு இது. இந்த 14 மாதங்களும் உங்கள் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். அதே நேரம் கெடுவும் ஓடுகிறது. கலைந்த நிறுவனத்தில் கணக்குக் கேட்க மூன்று ஆண்டுதான் அவகாசம். ஒரு கூட்டாளி இறந்தால் நிறுவனம் கலையுமா, தொடருமா என்பது பத்திரத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்தது என்பதால், எதற்கும் இந்த மூன்று ஆண்டை உங்கள் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் பங்கு அம்மா, நீங்கள், தம்பி என்று மூன்றாகப் பிரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது நான்காகப் பிரியும். மகன் தனக்கு முன் இறந்தால் தாயும் முதல் வகுப்பு வாரிசு. அப்பத்தாவுக்கும் சம பங்கு உண்டு. ஆக நிறுவனத்தின் மதிப்பில் அப்பாவின் மூன்றில் ஒரு பங்கை நான்காக்கினால், உங்களுக்கு 12-ல் 1 பங்கு வரும். நீங்கள் மூவரும் சேர்ந்தால் மொத்தத்தில் கால் பங்கு. அப்பத்தாவின் பங்கு அவர் விருப்பம். அவர் உயில் எழுதலாம். எழுதாமல் போனால் உங்களுக்கும் தம்பிக்கும் அதில் ஒரு பகுதி திரும்ப வரும்.

அடுத்தது கட்டடமும் கிட்டங்கியும். 2005-ல் திருத்தப்பட்ட சட்டத்தையும், 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும் குறிப்பிட்டிருந்தீர்கள். மகள் பிறப்பாலேயே கூட்டுரிமையாளர் என்ற அந்தத் தீர்ப்பு சரியானதுதான். தமிழ்நாட்டுப் பெண்களுக்கு இது இன்னும் முன்பே வந்தது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டின் சொத்துரிமைத் தீர்மானத்திலிருந்து 1989-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத் திருத்தம் வரை நீண்ட வரலாறு அது. ஆனால் இவையெல்லாம் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்துக்குத்தான் பொருந்தும். உங்கள் தாத்தாவின் சொத்து அவரே சம்பாதித்தது. 1956-க்குப் பிறகு ஒருவர் உயிலில்லாமல் விட்டுச்சென்ற சுய சம்பாத்தியம், வாரிசுகள் கையில் அவரவர் தனிச் சொத்தாகிறது. 1986-ல் சந்தர் சென் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. 'பூர்வீகச் சொத்து' என்று நாம் பேச்சு வழக்கில் சொல்வது வேறு, சட்டம் சொல்வது வேறு.

அப்படியானால் 1996-ல் அந்தக் கட்டடம் யாருக்குப் போனது? அப்பத்தா, மூன்று மகன்கள், இரண்டு மகள்கள் என ஆறு பேருக்கும் சமமாக. உங்கள் அத்தைமார் இருவருக்கும் ஆளுக்கு ஆறில் ஒரு பங்கு. அவர்கள் எழுதிக்கொடுத்திருந்தால் ஒழிய, அந்தப் பங்கு இன்றும் அவர்களுடையது. செய்த நகையும் சீரும் பங்குக்கு ஈடாகச் சட்டம் எடுத்துக்கொள்வதில்லை. அப்பாவின் ஆறில் ஒன்று நான்காகப் பிரிந்து, உங்களுக்குக் கட்டடத்தில் 24-ல் 1 பங்கு வருகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க ஆசைப்படுகிறேன். "மகள் என்பதால் என்னை ஒதுக்குகிறார்கள்" என்று நான்கு பக்கம் எழுதிய நீங்கள், "அத்தைமாருக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று" என்று ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நம் எல்லோருக்குள்ளும் இந்தப் பழக்கம் ஊறியிருக்கிறது. என் அலுவலகத்துக்கு வரும் பத்துக் குடும்பங்களில் எட்டுக் குடும்பம் அத்தைமாரை மறந்துவிட்டுத்தான் பாகம் பேச வருகிறது. ஆனால் நீங்கள் நீதி கேட்டுப் பேச உட்காரும்போது, உங்கள் பக்கத்தில் அந்த இருவரும் இருக்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்று மனமுவந்து எழுதிக்கொடுத்தால் அது வேறு. கேட்காமலேயே விடக் கூடாது.

பதினொரு வருட உழைப்பைப் பற்றி: உழைப்பினால் மட்டும் பங்கு வந்துவிடாது. மனசுக்கு இது ஒப்பாதுதான், ஆனாலும் சட்டநிலை இதுதான். எனவே உழைப்புக்கான மதிப்பைச் சம்பளமாகவோ புதிய ஏற்பாட்டில் கூடுதல் பங்காகவோ பேச்சில்தான் பெற வேண்டும். பாக்கெட்டில் அச்சிடும் பெயர் யார் பேரில் பதிவாகியிருக்கிறது என்பதையும் உடனே பாருங்கள். வர்த்தகக் குறிப் பதிவேட்டை இணையத்தில் யாரும் தேடலாம். நிறுவனத்தின் பேரில் இல்லாமல் தனி ஆள் பேரில் இருந்தால், அது தனியாகப் பேச வேண்டிய பெரிய விஷயம்.

பாரம்பரியத்தில் கணக்கும் உண்டு

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். என் மனதுக்கு நெருக்கமான கேள்வி இதுதான். உங்கள் குடும்பம் எந்தச் சமூகம் என்று நீங்கள் எழுதவில்லை, எனக்கு அது தேவையும் இல்லை. ஆனால் 'பாரம்பரியம்' என்று உங்கள் பெரியப்பா சொல்வதும், அதையே எதிரி என்று நீங்கள் சொல்வதும், இரண்டுமே பாதிப் பாரம்பரியத்தைப் பற்றித்தான்.

பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் போய்க் கொண்டுவிற்ற, அதாவது தொழில் நடத்திய, செட்டிநாட்டு நகரத்தாரின் முறையைப் பாருங்கள். தொழில் பழகும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்த நிலையில் அடுத்தாளாகி, பிறகு மேலாளாகக் கடையை நடத்த வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளையும் இன்னொருவர் கடையில் பழகிவிட்டு வருவது உண்டு. முதலாளியின் ஏஜெண்டாகப் போகிறவருக்கு வழக்கமாக மூன்று ஆண்டுக் கணக்கு. காலம் முடிந்ததும் ஐந்தொகை எடுத்துக் காட்டிவிட்டு ஊர் திரும்ப வேண்டும். ஐந்தொகை என்ற அழகான சொல்லை இன்று பேலன்ஸ் ஷீட் என்று சொல்கிறோம். வீட்டுக்குள்ளும் அப்படியே. கல்யாணமான மகனை 'வேறு வைப்பது' அவர்கள் வழக்கம். ஒரே கூரை, ஆனால் அடுப்பு தனி, செலவுக் கணக்கு தனி. பிள்ளையை விரட்டிவிட்டதாக யாரும் அதைப் பேசவில்லை. குடும்பம் ஒன்றாக இருப்பதற்கே அதுதான் வழி என்று நினைத்தார்கள். மனைவி கொண்டுவந்த சீதனப் பணமும் தனிக் கணக்கில் வட்டி ஏறியது.

உங்கள் பக்கத்து ஊர்களில் உறவின்முறைகள் என்ற சமூக அமைப்புகள் மகமை வசூலித்ததும் இப்படித்தான். வியாபாரத்தில் இவ்வளவுக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய பணம் ஊர்ப் பொதுவுக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய பணம். விருதுபட்டி என்று அழைக்கப்பட்ட விருதுநகரில் 1889-ல் க்ஷத்ரிய வித்யாசாலா எழுந்தது அந்த மகமைப் பணத்தின் வலுவில்தான்.

இந்தக் கணக்கறைகளில் பெண்ணுக்கு நாற்காலி இருந்ததில்லை. அதை மறைத்துப் பாரம்பரியத்தைக் கொண்டாட எனக்கு மனம் வராது. ஆனால் மூத்தவர் என்பதற்காகக் கணக்குக் காட்டாமல் இருக்கலாம் என்ற விதியை அவர்கள் யாரும் வகுக்கவில்லை. மூத்தவருக்கு மரியாதை, எல்லோருக்கும் கணக்கு என்ற இரண்டும் சேர்ந்தே வந்தன. உங்கள் வீட்டில் காலப்போக்கில் மரியாதை மட்டும் தங்கி, கணக்கு பீரோவுக்குள் போய்விட்டது. சித்திரை முதல் நாள் புதுக்கணக்குப் போட்டு மஞ்சள் குங்குமம் வைக்கிறீர்கள், சரி. பழைய கணக்கை மூன்று வீட்டாரும் உட்கார்ந்து படித்துப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று?

பெரியப்பா பக்கமும் கொஞ்சம் யோசியுங்கள். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் கடைக்கு வந்தார், இரண்டு தம்பிகளைப் படிக்க வைத்தார், இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படி வாழ்ந்தவருக்குத் தன் பணம், கடைப் பணம், வீட்டுப் பணம் என்று பிரித்துப் பார்க்கத் தோன்றியிருக்காது. கணக்குக் கேட்டால், "இத்தனை வருடம் நான் திருடிவிட்டேனா?" என்றுதான் அவர் காதில் விழும். பாகம் என்ற சொல்லே, குடும்பத்தைக் கட்டிக்காக்கத் தவறிவிட்டோம் என்ற தோல்வியாக அவருக்குப் படும். அவர் பயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். அதற்காக உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

முன்னால் இருக்கும் வழிகள்

நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் வழி, கூட்டுப் பத்திரத்தைப் புதிதாக எழுதி நீங்கள் கூட்டாளியாவது. அம்மாவும் தம்பியும் தங்கள் பங்குத் தொகையைக் கடையில் கடனாக வைத்து வட்டி வாங்கிக்கொள்ளலாம், அல்லது தவணையில் எடுத்துக்கொள்ளலாம். வேலை செய்யும் கூட்டாளிக்குச் சம்பளம், முதலுக்கு வட்டி, மீதிக்கு லாபப் பங்கு என்று மூன்றையும் தனித்தனியாக எழுத வேண்டும். பெரும்பாலான குடும்பச் சண்டைகள் இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் வருகின்றன. பெரியப்பாவின் மகன்கள் மில்லில் உழைக்கிறார்கள் என்றால் அவர்களுக்கும் இதே அளவுகோல்தான். ஒரு கூட்டாளி இறந்தால், விலகினால், உடல்நலம் இழந்தால் மதிப்பு எப்படிக் கணக்கிடப்படும், எத்தனை தவணையில் கொடுக்கப்படும் என்பதையும் எழுதுங்கள். பெரியப்பாவும் தன் பிள்ளைகளுக்காக ஆவலோடு கேட்கப்போகும் பிரிவு இது.

கூட்டாளியானால் தம்பிக்குச் சொன்ன அதே முழுப் பொறுப்பு உங்கள் தலையிலும் விழும், உங்கள் கணவருடன் பேசி முடிவெடுங்கள். வங்கிக்கு அப்பா கொடுத்த தனிப்பட்ட ஜாமீன் என்ன நிலையில் இருக்கிறது என்றும் கேளுங்கள். வங்கிப் படிவங்களில் வாரிசுகளையும் கட்டும் வரிகள் பெரும்பாலும் இருக்கும்.

நிறுவனத்தைக் கம்பெனியாக மாற்றலாமே என்று உங்கள் ஆடிட்டர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனைதான். பொறுப்புக்கு எல்லை வரும், பங்குகள் வாரிசுகளுக்குச் சிக்கலில்லாமல் போகும். ஆனால் பங்கு இருந்தால் நாற்காலியும் வரும் என்று நம்பிவிடாதீர்கள். முருகப்பா குழுமத்தில் எம். வி. முருகப்பன் 2017-ல் மறைந்தபின், அவர் மூத்த மகள் வள்ளி அருணாச்சலம் குடும்பத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் இயக்குநர் இடம் கேட்டார். 2020-ல் பங்குதாரர் வாக்கெடுப்பில் அது தோற்றது. விவகாரம் தீர்ப்பாயம் வரை போய், 2023 ஆகஸ்டில்தான் குடும்பத்துக்குள் சமரசம் வந்தது. அவ்வளவு பெரிய குடும்பத்திலேயே பங்குக்கும் பதவிக்கும் நடுவில் இத்தனை தூரம் இருந்தது. எனவே கம்பெனியாக்கினால், உங்கள் கிளைக்கு ஓர் இயக்குநர் இடம் என்பதையும், பங்கை வெளியாருக்கு விற்பதற்கான கட்டுப்பாடுகளையும் கம்பெனியின் சங்க விதிகளிலேயே (ஆர்ட்டிகிள்ஸ் ஆஃப் அசோசியேஷன்) எழுத வேண்டும். தனியாக ஒரு தாளில் எழுதிக்கொண்டால் போதும் என்று நினைத்த ஒரு குடும்பத்துக்கு, சங்க விதிகளில் இல்லாத பங்கு மாற்றத் தடை கம்பெனியைக் கட்டுப்படுத்தாது என்று ரங்கராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

விலகுவதும் ஒரு வழி. பங்கைத் தீர்த்து வாங்கிக்கொண்டு சொந்தமாகத் தொடங்கலாம். நீங்கள் கூட்டாளி அல்ல என்பதால் அதே ஊரில் அதே தொழில் செய்யவும் தடையில்லை. கடைப் பெயரை மட்டும் பயன்படுத்தக் கூடாது. பிரிவதை நான் பாவமாக நினைக்கவில்லை. 1911-ல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய டிவிஎஸ் குடும்பம், யார் எந்த நிறுவனத்தை நடத்துகிறாரோ அவர் கிளைக்கே உடைமையும் போகும்படி 2020-ல் உடன்படிக்கை செய்துகொண்டு, 2022-ல் அதை முடித்துக்கொண்டது. முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளும் நாளிலேயே செய்ததால் முடிந்தது.

வழக்கு கடைசி. போட முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் கலைப்புக் கேட்டு வழக்கு என்ற செய்தி சந்தையில் பரவிய மறுநாளே சரக்கு அனுப்புகிறவர்கள் ரொக்கம் கேட்பார்கள், வங்கி கையை இறுக்கும், நீங்கள் பங்கு கேட்கும் சொத்தே கண்முன் கரையும். மண்டி நம்பிக்கையில் ஓடுகிறது, இது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கூட்டாண்மைத் தகராறுகள் பெரும்பாலும் வணிகத் தகராறாகவே கருதப்படும். அவசர இடைக்கால உத்தரவு தேவைப்பட்டால் ஒழிய, வழக்குக்கு முன் சமரசத்துக்குப் போயே ஆக வேண்டும். பத்திரத்தில் நடுவர் பிரிவு இருந்தால், வாரிசுகளும் அதைப் பயன்படுத்தலாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-லிருந்து சமரச மையம் இயங்குகிறது, மாவட்டங்களிலும் மையங்கள் உண்டு. ஊர்ப் பெரியவர் பேசி முடித்தாலும் நல்லதுதான். ஆனால் முடிவை ஒரு வழக்கறிஞரை வைத்து எழுதுங்கள். வாய்மொழியாகப் பேசி முடித்த குடும்ப ஏற்பாட்டைப் பின்னால் நினைவுக்காக எழுதி வைக்கும் தாளுக்குப் பதிவு தேவையில்லை. அந்தத் தாளே நிலத்தில் உரிமையை உண்டாக்குகிறது என்றால் பதிவு கட்டாயம். இந்த நூலிழை வித்தியாசத்தில் பல குடும்பங்களின் ஏற்பாடு செல்லாமல் போயிருக்கிறது.

பேச்சை எப்படித் தொடங்குவது

நீங்கள் நாற்காலியிலிருந்து தொடங்க நினைக்கிறீர்கள். கணக்கிலிருந்து தொடங்குங்கள். "என்னைக் கூட்டாளியாக்குங்கள்" என்பது பெரியப்பாவுக்குச் சவாலாகக் கேட்கும். "அப்பா இறந்த நாளுக்கு ஓர் ஐந்தொகை எடுத்துத் தாருங்கள், அம்மாவுக்கு என்ன வரும் என்று தெரிய வேண்டும்" என்பது எந்தப் பெரியவரும் மறுக்கக் கூசும் கேள்வி.

அதற்கு முன் கையில் சில காகிதங்கள் வேண்டும், பெரியப்பாவின் பீரோவைத் திறக்காமலே கிடைப்பவை. நிறுவனப் பதிவாளரின் பதிவேட்டைக் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம். கூட்டாளிகள் யார், எப்போது சேர்ந்தார்கள் என்பது அதில் இருக்கும். அப்பாவின் சட்டப்படியான வாரிசாக வருமான வரித் தளத்தில் பதிந்துகொண்டால் அவருடைய பழைய வரிக் கணக்குகள் கிடைக்கும். அவர் முதலுக்கு வட்டி, சம்பளம், லாபம் என்று ஆண்டுதோறும் என்ன காட்டினார் என்பது அதில் தெரியும். கட்டடத்துக்கு வில்லங்கச் சான்றிதழ் போடுங்கள், அத்தைமார் எப்போதாவது எழுதிக்கொடுத்தார்களா என்பது தெரிந்துவிடும். பதினொரு வருடம் பேரேடு எழுதியவருக்கு மற்றதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேச்சைக் கடையில் வைத்துக்கொள்ளாதீர்கள், ஆட்கள் முன்னால் பெரியவர் இறங்கிவர மாட்டார். வீட்டில் வையுங்கள், அப்பத்தாவும் இருக்கட்டும். அத்தைமாருக்கு முன்பே தகவல் சொல்லுங்கள். தம்பியை நேரில் வரச் சொல்லுங்கள், "எனக்கு வேண்டாம், அக்காதான் நடத்துவாள்" என்று அவர் வாயால் சொல்லட்டும். உங்கள் கணவர் முதல் பேச்சில் இல்லாமல் இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். மருமகன் வந்து உட்கார்ந்தால் விஷயம் வேறு திசைக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமைக்கு முன் சித்தப்பாவைத் தனியாகப் போய்ப் பாருங்கள். 61 வயதில், அண்ணன் நிழலிலேயே இருந்துவிட்ட மனிதர் அவர். நாளை அவர் கண்ணை மூடினால் அவர் மனைவிக்கும் பெண்ணுக்கும் இதே விடுதலைப் பத்திரம்தான் வரும். அவருக்கு ஒரே பெண் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள்.